ரிமோட் யார் கையில்? டிவிக்கு ஸ்டிக் வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

தீபாவளித் தள்ளுபடி தொடங்கினால் போதும், சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "டிவிக்கு எந்த ஸ்டிக் வாங்கலாம்?" டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகி யூடியூப் போன்ற ஆப்களை ஓடவிடும் குட்டிக் கருவியைத்தான் சொல்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் உடனே ஆர்டர் போட்டுவிடுவார்கள். நான் பெயர் சொல்வதற்கு முன் ஒன்றைக் கேட்பேன்: "உங்க வீட்ல பகல் நேரத்துல ரிமோட் யார் கையில இருக்கும்?"

பெரும்பாலான வீடுகளில் பதில் அம்மா. இல்லையென்றால் ஓய்வுபெற்ற அப்பா, மாமியார், பாட்டி. எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிப் போன பிறகு வீட்டில் தனியாக இருப்பவர். ஸ்டிக்கைப் பற்றிப் படிப்பதும், ஒப்பிட்டுப் பார்ப்பதும், பணம் கட்டுவதும் மகனோ மகளோ. ஆனால் அந்த ஸ்டிக்கோடு நாள் முழுக்கப் பழக வேண்டியவர் வேறொருவர். அவரை மனதில் வைக்காமல் வாங்கியதால்தான் எத்தனையோ வீடுகளில் ஸ்டிக் டிவிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கிறது, பார்ப்பது என்னவோ கேபிள்தான்.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான்: வீட்டில் தனியாக இருப்பவர் யாருக்கும் போன் செய்யாமல் தானே இயக்க முடிகிற கருவிதான் நல்ல கருவி. 4கே, டால்பி, ரேம் எல்லாம் அதற்கு அடுத்த வரிசை.

வாங்கத்தான் வேண்டுமா?

உங்கள் ஸ்மார்ட் டிவியில் யூடியூப் சட்டென்று திறக்கிறது, நீங்கள் சந்தா கட்டும் ஆப்கள் எல்லாம் இருக்கின்றன என்றால் எதையும் வாங்காதீர்கள். ஒரு ரிமோட்டில் முடிகிற வேலைக்கு இரண்டாவது ரிமோட் எதற்கு?

ஸ்டிக் நிஜமாகவே கைகொடுப்பது வயதான ஸ்மார்ட் டிவிக்குத்தான். டிவியின் திரை பத்து வருஷம்கூட நன்றாக உழைக்கும். உள்ளே இருக்கும் சிப்பும் மென்பொருளும் அவ்வளவு காலம் தாங்காது. நாலைந்து வருஷத்தில் ஆப் திறக்கவே நேரமாகும், பிறகு அப்டேட் வருவது நிற்கும், ஒருநாள் ஆப்பே வேலை செய்யாது. 2010, 2011ஆம் ஆண்டுகளில் வந்த சில சாம்சங் டிவிகளில் நெட்ஃபிளிக்ஸ் 2019 டிசம்பரோடு நின்றுபோனது. அந்த டிவிகளின் திரையில் எந்தக் கோளாறும் இல்லை. இப்படி ஒரு டிவி வீட்டில் இருந்தால், நாற்பதாயிரம் கொடுத்துப் புதியது வாங்குவதற்குப் பதில் சுமார் ஐயாயிரம் ரூபாயில் ஒரு ஸ்டிக் வாங்கினால் போதும். நல்ல திரையைக் குப்பைக்கு அனுப்பாமல் காப்பாற்றிய நிம்மதியும் கிடைக்கும்.

அடுத்து டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். எச்டிஎம்ஐ துளை எத்தனை? கேபிள் பாக்ஸ் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்னொன்று காலியாக இருக்கிறதா? சுவரோடு ஒட்டி மாட்டிய டிவியில் ஸ்டிக் நுழைய இடம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் 2006 முதல் அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி போன்ற பழைய பெட்டி டிவியில் எச்டிஎம்ஐ கிடையாது. அதில் ஸ்டிக்கை நேராகச் செருக முடியாது.

32 அங்குல டிவிகளில் பலவும் 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட எச்டி ரெடி திரைகள். அதில் 4கே ஸ்டிக் போட்டாலும் படம் 4கே ஆகாது. ஆனாலும் நான் சில நேரம் 4கே மாடலையே பரிந்துரைப்பேன். காரணம் படத்தின் தரம் அல்ல, வேகம். அமேசானின் ஃபயர் டிவி வரிசையில் எச்டி ஸ்டிக்குக்கு 1 ஜிபி ரேம், 2023இல் வந்த 4கே மாடலுக்கு 2 ஜிபி. பட்டனை அமுக்கியதும் திரை அசைய வேண்டும். அசையாவிட்டால் பெரியவர்கள் "அமுங்கலையோ" என்று நினைத்து மறுபடி மறுபடி அமுக்குவார்கள். பிறகு அத்தனை அமுக்கலும் ஒன்றாகச் சேர்ந்து எங்கோ கொண்டுபோய் நிறுத்தும். அவர்கள் ஸ்டிக்கை வெறுக்க ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான்.

கரண்ட் எங்கிருந்து வருகிறது?

தஞ்சாவூரில் என் சித்தி வீட்டில் ஒரு ஸ்டிக் இருந்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து, கம்பெனியின் லோகோ வந்து, முதலிலிருந்து ஆரம்பிக்கும். "பொருளே சரியில்லப்பா, திருப்பிக் கொடுத்துடலாம்" என்று சித்தப்பா முடிவே செய்துவிட்டார். டிவியைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து எட்டிப் பார்த்தேன். ஸ்டிக்கின் ஒயர் டிவியின் யுஎஸ்பி துளையில் செருகியிருந்தது. பெட்டியோடு வந்த சார்ஜர் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது.

யுஎஸ்பி 2.0 துளை முறைப்படி தரும் மின்சாரம் 500 மில்லி ஆம்பியர். ஸ்டிக்குகள் பலவற்றோடு வரும் சார்ஜர் 1 ஆம்பியர், அதாவது அதைப் போல இரண்டு மடங்கு. சும்மா மெனு காட்டும்போது டிவியின் யுஎஸ்பியே போதும் போலத் தெரியும். படம் ஓட ஆரம்பித்து, வைஃபையும் சிப்பும் முழு வேகத்தில் வேலை செய்யும்போது மின்சாரம் பற்றாமல் அணைந்துவிடும். சார்ஜரைச் சுவரில் செருகியதும் சித்தி வீட்டில் அந்தத் தொல்லை நின்றது. டிவிக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் காலியாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இல்லையென்றால் ஸ்டிக்கோடு சேர்த்து நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

நெட் எவ்வளவு வேண்டும்?

நெட்ஃபிளிக்ஸின் பரிந்துரை, ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15. இன்றைய ஃபைபர் இணைப்பில் இது பெரிய விஷயமே இல்லை. சிக்கல் வேகத்தில் அல்ல, ரூட்டர் இருக்கும் இடத்தில். வாசல் பக்கம் ஃபைபர் நுழையும் இடத்திலேயே ரூட்டரை மாட்டிவிட்டுப் போவார்கள். டிவியோ இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டி உள்ளறையில் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் சுவரை ஓரளவு ஊடுருவும். டிவி இருக்கும் இடத்தில் நின்று போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்கள். அங்கே நிலையாக 20 வந்தால் கவலையே வேண்டாம்.

பெட்டியோடு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயர் வந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். டிவியின் முதுகோடு ஒட்டிக் கிடக்கும் ஸ்டிக்கைச் சற்று வெளியே தள்ளி வைத்தாலே வைஃபை சிக்னல் தேறும், சூடும் குறையும்.

ஃபைபர் இல்லாமல் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் டிவி பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும், 4கேயில் 7 ஜிபி வரை. தினம் ஒன்றரை ஜிபி ரீசார்ஜில் படத்தின் இடைவேளைகூட வராது. அந்த வீட்டுக்கு முதல் தேவை இணைப்பு. ஸ்டிக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரிமோட்

இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் விமர்சன வீடியோக்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன.

எங்கள் அம்மா கும்பகோணத்தில் இருக்கிறார். அவர் டிவிக்கு முன்னால் ஸ்டூலில் இரண்டு ரிமோட் ஏற்கெனவே இருந்தன. ஒன்று டிவிக்கு, ஒன்று கேபிள் பாக்ஸுக்கு. கேபிள் ரிமோட்டில் அவருக்குத் தேவையான சேனல் நம்பர்கள் மனப்பாடம். கண்ணாடி போடாமலே அமுக்குவார். ஸ்டிக் வந்ததும் மூன்றாவது ரிமோட். அதில் நம்பரே இல்லை. ஒரு வட்டம், சில பொம்மைகள்.

"டேய், இதுல எதத் தொட்டாலும் படம் ஓடுது. எனக்கு நம்பர் இருக்கறதே போதும்."

"அம்மா, நீ இந்த வீடு போட்ட பட்டன மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. எங்க மாட்டிக்கிட்டாலும் அத அமுக்கினா ஆரம்பத்துக்கு வந்துடும்."

"வந்துட்டு?"

அந்த "வந்துட்டு?" என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் கருவிதான் அம்மாவுக்கு வேண்டும். வீட்டு பட்டனை அமுக்கியதும் வரும் திரையில் விளம்பரமும் புதுப்பட அறிவிப்பும் பாதி இடத்தை அடைத்துக்கொண்டால், அவருக்கு வேண்டிய யூடியூப் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். ஆப்களின் வரிசையை மாற்றி, யூடியூபை முதலிடத்தில் வைத்து, பயன்படுத்தாதவற்றை நீக்கினேன். இப்போது அவருக்குத் தெரிந்த பாதை மிகச் சிறியது: வீடு, கீழே ஒன்று, நடு பட்டன். பழைய படமும் பட்டிமன்றமும் நேரலைச் செய்தியும் எல்லாம் அந்தப் பாதையிலேயே கிடைக்கின்றன. தமிழ்ச் செய்தி சேனல்கள் பலவும் யூடியூபில் இலவச நேரலை தருவது பெரியவர்களுக்குப் பெரிய வசதி.

ரிமோட்டில் கட்டாயம் பார்க்க வேண்டியது டிவியின் பவர் பட்டனும் வால்யூம் பட்டனும். 2017இல் இந்தியாவுக்கு வந்த முதல் ஃபயர் டிவி ஸ்டிக்கின் ரிமோட்டில் அவை கிடையாது. 2018இல் 4கே மாடலோடுதான் வந்தன. பழைய ஸ்டிக்கை யாராவது குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றால் ரிமோட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள். சத்தம் குறைக்க இன்னொரு ரிமோட்டைத் தேட வைக்கும் கருவி பெரியவர்களுக்கு ஆகாது.

இன்னொரு நல்ல ஏற்பாடு எச்டிஎம்ஐ சிஇசி. எச்டிஎம்ஐ ஒயர் வழியாகவே டிவியும் ஸ்டிக்கும் பேசிக்கொள்ளும் முறை இது. ஸ்டிக்கின் ரிமோட்டைத் தொட்டால் டிவி தானே ஆன் ஆகி, தானே சரியான எச்டிஎம்ஐக்கு மாறிக்கொள்ளும். 'சோர்ஸ்' பட்டனைத் தேடி எச்டிஎம்ஐ 1, எச்டிஎம்ஐ 2 என்று குழம்பும் வேலையே இல்லை. டிவி கம்பெனிகள் இதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கின்றன. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். டிவியின் செட்டிங்ஸில் அது அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள். உங்களால் அம்மாவுக்குச் செய்ய முடிகிற மிகப் பெரிய உதவி இதுதான், அதற்குச் செலவும் இல்லை.

எந்தக் கருவி யாருக்கு?

ஃபயர் டிவி. இந்தியாவில் எளிதாகக் கிடைப்பது, சர்வீஸும் மாற்று ரிமோட்டும் சுலபம். தமிழ் ஆப்கள் அநேகமாக எல்லாம் உண்டு. முகப்புத் திரையில் விளம்பரம் அதிகம். 2025இல் வந்த 4கே செலக்ட் மாடல் ஆண்ட்ராய்டில் ஓடுவதில்லை, அமேசானின் சொந்த வேகா அமைப்பில் ஓடுகிறது. வெளியிலிருந்து ஆப்களை ஏற்ற முடியாது. உங்களுக்கு வேண்டிய தமிழ் ஆப் அதில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள்.

கூகுள் டிவி. ஆண்ட்ராய்டு போன் பழகியவர்களுக்குப் பிளே ஸ்டோர் அப்படியே கைவரும். ஷாவ்மி, ரியல்மி போன்றவை இந்த அமைப்பில் கருவிகள் கொண்டுவந்திருக்கின்றன. கூகுளின் சொந்த குரோம்காஸ்ட் 2022இல் ரிமோட்டோடு இந்தியாவுக்கு வந்தது, 2024 ஆகஸ்டில் குரோம்காஸ்ட் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். 2025 மார்ச்சில் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்டுகள் உலகம் முழுக்கச் சில நாள் முடங்கின. உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதுதான் காரணம். கூகுள் அப்டேட் அனுப்பிச் சரிசெய்தது. இந்தக் கருவிகள் உயிரோடு இருப்பது அப்டேட்டால்தான். நின்றுபோன மாடல் மலிவாகக் கிடைத்தாலும் புதிதாக வாங்க வேண்டாம்.

ஆப்பிள் டிவி 4கே. 2022 மாடல் இங்கே 14,900 ரூபாயில் தொடங்கியது. வேகத்துக்குக் குறைவில்லை, முகப்பில் விளம்பரத் தொல்லை குறைவு, பல வருஷம் அப்டேட் வரும். வீட்டில் எல்லோரிடமும் ஐபோன் இருந்தால் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு இந்த விலை தேவையில்லை.

டிடிஎச் நிறுவனங்களின் கலப்புப் பெட்டி. ஏர்டெல் எக்ஸ்ட்ரீம், டாடா பிளே பிஞ்ச் பிளஸ் போன்றவற்றில் சேனலும் ஆப்பும் ஒரே பெட்டியில், ஒரே ரிமோட்டில் வரும். ரிமோட்டில் நம்பர்களும் இருக்கும். எங்கள் அம்மா போன்றவர்களுக்கு இதைவிட இயல்பான ஏற்பாடு வேறில்லை. டிடிஎச் ஏற்கெனவே இருக்கும் வீடுகள் தனி ஸ்டிக் வாங்குவதற்கு முன் தங்கள் பெட்டியை மாற்ற என்ன செலவு என்று விசாரிப்பது நல்லது.

பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகள். இதில் மட்டும் நான் கறாராகப் பேசுவேன்: வேண்டவே வேண்டாம். "எல்லா சேனலும் ஃப்ரீ, சந்தாவே வேண்டாம்" என்று சொல்லி விற்கும் பெட்டிகள் இவை. பலவற்றுக்குக் கூகுளின் சான்று கிடையாது. வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்பு நிலை இல்லாததால், நீங்கள் முறையாகச் சந்தா கட்டினாலும் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை மங்கலான தரத்தில்தான் ஓடும். அதைவிடப் பெரிய ஆபத்து, தொழிற்சாலையிலிருந்தே வைரஸோடு வருவது. இப்படிப்பட்ட கருவிகளை பேட்பாக்ஸ் 2.0 என்ற திருட்டு வலைக்குள் மோசடிக்காரர்கள் இழுத்துவைத்திருப்பதாக அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் பொது எச்சரிக்கை விட்டது. அடுத்த மாதமே கூகுள் வழக்குத் தொடர்ந்தது. உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் மாட்டியிருந்தன. பெட்டி சிக்கினால் உங்கள் வீட்டு இணைப்பு வழியாக யாரோ எங்கோ செய்யும் மோசடி உங்கள் முகவரியில் பதிவாகும். அதே வைஃபையில்தான் வீட்டில் இருப்பவர்கள் வங்கிக் கணக்கும் பார்க்கிறார்கள்.

ஸ்டிக்கோடு செலவு முடிவதில்லை

ஸ்டிக்கின் விலை ஒருமுறைச் செலவு. சந்தா மாதாமாதம். நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் மொபைல் திட்டம் டிவியில் ஓடாது. 199 ரூபாய் திட்டத்தில் 720பி தரம்தான், 4கே வேண்டுமென்றால் 649 ரூபாய். 4கே டிவி, 4கே ஸ்டிக் இரண்டும் வைத்துக்கொண்டு 199 கட்டுபவருக்கு 4கே வராது. பிரைம் வீடியோவில் 2025 ஜூன் முதல் விளம்பரம் வருகிறது. வேண்டாமென்றால் வருஷத்துக்குக் கூடுதலாக 699 ரூபாய். ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டாராகிவிட்டன. பழைய டிவிகளில் பழைய பெயரில் ஆப் கிடந்தால் புதியதைப் போட வேண்டும்.

சென்னையில் உங்கள் கணக்கு, ஊரில் அம்மாவும் அதையே பார்க்கட்டும் என்ற கணக்கும் இப்போது எல்லா இடத்திலும் செல்லாது. 2023 ஜூலை முதல் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவிலும் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு என்று கறாராக இருக்கிறது. அம்மா பார்ப்பது எது என்று தெரிந்துகொண்டு அதற்கு மட்டும் தனியாகக் கட்டுங்கள். யூடியூபே போதும் என்றால் அதோடு விட்டுவிடலாம்.

கேபிளைத் துண்டிக்க அவசரப்பட வேண்டாம். நேரலை கிரிக்கெட் ஆப்பில் சில பல விநாடி தாமதமாகத்தான் வரும், பக்கத்து வீட்டுக் கூச்சல் முந்திக்கொள்ளும். நெட் போன நாளில் கேபிள்தான் துணை.

வாங்கிய பிறகு ஒரு மணி நேரம்

ஸ்டிக்கைச் செருகிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். கூட உட்கார்ந்து சிலவற்றைச் செய்துவையுங்கள். முகப்பில் வேண்டாத ஆப்களை நீக்குங்கள். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். கணக்கில் பணம் கட்டிப் படம் வாங்கும் வசதிக்கு ரகசிய எண் வையுங்கள், கை தவறிப் பட்டாலும் பணம் போகாது. பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடு என்றால் குழந்தைகளுக்கான பூட்டையும் போடுங்கள். 2021ஆம் ஆண்டின் விதிகளின்படி யு/ஏ 13+ மற்றும் அதற்கு மேற்பட்ட படைப்புகளுக்கு ஓடிடி தளங்கள் இந்தப் பூட்டைத் தந்தாக வேண்டும். காது மந்தமானவருக்கு ஸ்டிக்கோடு ஒரு ப்ளூடூத் ஹெட்போனை இணைத்துக் கொடுங்கள். டிவி சத்தத்துக்காக வீட்டில் நடக்கும் சண்டை அடங்கும்.

பிறகு ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். டிவியை அணைத்து, மறுபடி போட்டு, தனக்கு வேண்டியதை அவராகவே கண்டுபிடித்து ஓடவிடட்டும். நடுவில் வாய் திறக்காதீர்கள். எங்கே தடுமாறுகிறார் என்று மட்டும் கவனியுங்கள், அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள். அவர் ஒருமுறை தானாகவே செய்து முடித்துவிட்டால், நீங்கள் வாங்கியது சரியான கருவி. எப்படிச் சரிசெய்தும் அவரால் முடியவில்லை என்றால், திருப்பிக் கொடுக்கும் தேதி முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டு அவருக்கு ஒத்துவரும் வேறொன்றை வாங்குங்கள்.